உள்நாட்டுப் போருக்கு நடுவே சோமாலியக் குடும்பங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? அமைதி வரும் என்று நம்புகிறார்களா?

செய்திகளில் கடற்கொள்ளையரையும் குண்டுவெடிப்பையும் மட்டுமே பார்த்துவிட்டு, இப்படிப்பட்ட ஊரில் எப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்களோ என்ற கவலையில் நீங்கள் கேட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். நான் சோமாலியாவில் கால் வைத்ததில்லை. நைரோபியில் சோமாலியர் மிகுதியாக வாழும் ஈஸ்ட்லீ பகுதியில், ஒரு துணிக்கடையில் 2009 முதல் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதினேன். ஒரு குடும்பத்தை வைத்து ஒரு நாட்டை எடைபோடலாமா என்று சிலர் கேட்பார்கள், கூடாதுதான். ஆனால் அந்தக் குடும்பம் எதற்காக வாயைக் கட்டியது, யாருக்காகக் கடன் வாங்கியது என்பது கணக்கு எழுதியவனுக்குத் தெரியும்.

கடையின் உரிமையாளர் ஓர் அம்மாள். எல்லோரும் அவரை ‘ஏடோ’ என்றே அழைப்போம். அத்தை என்று பொருள். சோமாலியாவை 21 ஆண்டுகள் ஆண்ட அதிபர் சியாத் பாரே 1991 ஜனவரியில் தலைநகர் மொகதிஷுவை விட்டு ஓடியபோது, அவரைத் துரத்திய படையினர் பெரும்பாலும் ஹாவியே குலத்தவர். பாரே தாரோத் குலத்தவர் என்ற ஒரே காரணத்தால், அவருடைய ஆட்சியால் ஒரு பைசா பயன் பெறாத தாரோத் குடும்பங்களும் வேட்டையாடப்பட்டன. ஏடோ ஹாவியே, அவர் கணவர் தாரோத். பிறந்த வீடு துப்பாக்கி ஏந்திய பக்கம், புகுந்த வீடு அதற்குத் தப்பி ஓடும் பக்கம். கணவரோடும் இரண்டு குழந்தைகளோடும் கிஸ்மாயோ வழியாக நடந்தும் லாரியிலும் எல்லையைக் கடந்து, கென்யாவின் தாதாப் பகுதியில் அப்போதுதான் அமைக்கப்பட்டிருந்த இஃபோ அகதி முகாமில் சேர்ந்தார். நடக்க முடியாத மாமியார் மட்டும் மொகதிஷுவிலேயே தங்கிவிட்டார். அவரை நான்கு மாதம் தன் வீட்டின் உள்ளறையில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர், ஏடோவின் அண்ணன். தங்கையின் மாமியார் என்பதைத் தவிர அவருக்கு வேறு காரணம் இருக்கவில்லை. கணவர் போனால் உயிர் தப்பாது என்பதால், ஏடோவே தனியாகத் திரும்பிப் போய் அந்தக் கிழவியை அழைத்து வந்தார்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: அரசு இல்லாத இடத்தில் கொண்டான் கொடுத்தான் உறவுதான் மனிதர்களைக் காப்பாற்றியது. 2000-ஆம் ஆண்டு ஜிபூட்டியின் ஆர்த்தா நகரில் நடந்த சமாதான மாநாட்டில் ஐந்து குலப் பிரிவுகளுக்கு இடம் பிரித்தபோது, எந்தக் குலமும் தங்களைப் பேச அனுப்பாது என்று கண்ட பெண்கள், ஆஷா ஹாஜி இல்மியின் முன்னெடுப்பில், தங்களை ‘ஆறாவது குலம்’ என்று அறிவித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அதைச் சொல்லும்போது ஏடோவின் முதுகு நிமிர்ந்துவிடும்.

கடையில் மாதந்தோறும் ‘அயூத்தோ’ என்ற சீட்டு நடந்தது. நம் ஏலச் சீட்டைப் போலத் தள்ளிக் கேட்பதில்லை. முறை வைத்து ஒவ்வொருவராகப் பணத்தை எடுப்பார்கள். 2011 ஜூலையில் தென் சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்ட மாதம், முறை ஏடோவுடையது. பைதோவாப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வேறு குலத்தவள், தன் தங்கை பிள்ளைகளோடு தாதாபை நோக்கி நடந்து வருவதாகச் சொன்னதும், கட்டுப் பிரிக்காமல் பணத்தை அவளிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய 2,60,000 பேர் மாண்டார்கள். பாதிப்பேர் ஐந்து வயதுகூட நிரம்பாதவர்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் நிவாரணக் குழுக்களை அல் ஷபாப் என்ற ஆயுதக் குழு தடுத்திராவிட்டால் இத்தனை உயிர் போயிருக்காது. அமைதி இருந்தால் பால், பகை இருந்தால் வறட்சி என்பது சோமாலியரின் பழமொழி.

நம்மவர்கள் சிலர் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம், “கொள்ளைக்காரர்களிடமா வேலை பார்க்கிறாய்?” என்று கேட்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் என் சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப் போனதில்லை என்று சொன்னாலும் அவர்கள் காதில் ஏறவில்லை.

அமைதி வரும் என்று நம்புகிறார்களா? ஒருவரையொருவர் சந்தித்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியே “மா நபத் பா?”, அதாவது “அமைதிதானா?” என்பது. 2017 அக்டோபர் 14 அன்று மொகதிஷுவின் ஸோபே சந்திப்பில் லாரி குண்டு வெடித்து 580-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அண்ணன் வீடு அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி. இரவு பத்து மணி வரை தொலைபேசி கிடைக்கவில்லை. நாங்கள் கடையைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தோம். கிடைத்ததும் ஏடோ அதே கேள்வியைத்தான் கேட்டார். மறுமுனையில் “நபத்” என்று சொன்ன அண்ணன், பிறகு அண்டை வீட்டில் இறந்த இருவரின் பெயரைச் சொன்னார். ஏடோ வெகுநேரம் அழுதார். பின்பு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உடைந்த ஜன்னல்களின் நீள அகலத்தைக் கேட்டு, சீட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான்கு ஜன்னல்கள். அந்த மாதச் செலவில் முதல் வரியாகக் கண்ணாடிப் பணத்தைத்தான் எழுதினேன்.