கடற்கரை முதல் தாம்பரம் வரை, நடுவில் இறங்காமல்

கேள்வி: வேலை எதுவும் இல்லாமல், ஒரு நகர ரயிலில் முதல் ஸ்டேஷனிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரை சும்மா போய்ப் பார்த்ததுண்டா? அப்படிப் போவதில் என்ன இருக்கிறது?

உண்டு. சென்னைக் கடற்கரை – தாம்பரம் எலக்ட்ரிக் டிரெயினில். மனசு சரியில்லாத நாளிலும் போவேன், நன்றாக இருக்கிற நாளிலும் போவேன். போக பத்து ரூபாய், ரிட்டர்ன் போட்டால் இருபது. 18 ஸ்டேஷன், முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த விலைக்கு இந்த ஊரில் ஒரு நல்ல காபிகூடக் கிடைக்காது.

இந்தத் தடத்தில் முழுத் தூரமும் போகிறவர்கள் குறைவு என்பதுதான் இதிலுள்ள ருசியே. எல்லோரும் நடுவில் ஏறி நடுவில் இறங்குகிறவர்கள். நீங்கள் மட்டும் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், பெட்டியில் இருக்கும் கூட்டம் மூன்று நான்கு தடவை முழுசாக மாறிவிடும். ஒரு சினிமா டிக்கெட்டில் நாலு ஷோ பார்க்கிற மாதிரி.

முதலில் புதியவர்களுக்கு ஒன்று. கடற்கரை ஸ்டேஷனில் கடலைத் தேடாதீர்கள். எதிரே ராஜாஜி சாலை, அதற்கு அப்பால் துறைமுகம், பக்கத்தில் பர்மா பஜார். மெரினாவுக்குப் போக நினைப்பவர்கள் வேளச்சேரி போகிற பறக்கும் ரயிலில் (தூண்கள் மேல் போகிற தடம்) ஏறி சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ இறங்க வேண்டும். அதுவும் இதே ஸ்டேஷனில் இருந்துதான் கிளம்புகிறது, அதனால் போர்டைப் பார்த்து ஏறுங்கள்.

கடற்கரையில் வண்டி காலியாக நிற்கும். பதினொரு மணி வாக்கில் போனால் ஜன்னல் சீட் உறுதி. வலது பக்கம் உட்காருங்கள், காலை வெயில் அவ்வளவாகப் படாது. கோட்டை ஸ்டேஷனில் ஏறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். பார்க் வந்ததும் வண்டி நிறையும். எதிரே சென்ட்ரல், பக்கத்தில் பெரியாஸ்பத்திரி. வெளியூர் ரயிலில் வந்து இறங்கியவர்களும், கையில் எக்ஸ்ரே கவரோடு வருகிறவர்களும் ஒன்றாக ஏறுவார்கள். அடுத்தது எழும்பூர். 1908-இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் அழகெல்லாம் சாலைப் பக்கம்தான். ரயிலில் போகிறவனுக்குக் கூரையும் தூண்களும்தான் மிச்சம்.

பொதுவாகவே இந்தத் தடத்தில் சென்னையின் முதுகைத்தான் பார்க்க முடியும். சேத்துப்பட்டு ஏரி, அதைத் தாண்டியதும் கூவம், பிறகு நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம் வரைக்கும் வீடுகளின் பின்பக்கம். கொடியில் லுங்கி, மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி, கரி பிடித்த சமையலறை ஜன்னல். முன்பக்கம் கிரானைட் ஒட்டியிருக்கலாம், பின்பக்கத்துக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.

மாம்பலம்தான் இந்தப் பயணத்தின் இடைவேளை. இறங்கினால் ரங்கநாதன் தெரு. தி.நகர் பஸ் நிலையம் வரைக்கும் 2023-இல் ஆகாய நடைபாதை கட்டிவிட்டார்கள், இருந்தாலும் பாதிப் பேர் பழைய வழியிலேயே தெருவுக்குள் புகுந்துதான் போகிறார்கள். போகிற வழியில் கடை இல்லாவிட்டால் தி.நகருக்கு வந்ததற்கு என்ன அர்த்தம்? இங்கே இறங்குகிறவர்கள் கைவீசி இறங்குவார்கள், ஏறுகிறவர்கள் இரண்டு கையிலும் துணிக்கடைப் பையோடு ஏறுவார்கள்.

இங்கேதான் நாலாவது ஆள் வருவார். இந்த வண்டியின் பெஞ்ச் மூன்று பேருக்கானது. ஆனால் நாலு பேர் உட்காரலாம் என்பது எழுதாத சட்டம். ஒரு நாள் ஓர் அம்மா மூன்று பைகளோடு ஏறினார். யாரிடமும் கேட்கவில்லை. எங்கள் பெஞ்ச் பக்கத்தில் வந்து நின்று, ஓரத்தில் இருந்த காலேஜ் பையனின் முழங்காலைப் பார்த்தார், அவ்வளவுதான். பையன் நடுவில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தான், அவர் என் பக்கம் நகர்ந்தார், நான் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டேன். அந்த அம்மா பெஞ்சின் நுனியில் பாதி உட்கார்ந்து, ஒரு காலை வழியில் ஊன்றிக்கொண்டு, "கிண்டியில இறங்குவியா தம்பி?" என்று கேட்டார். "இல்லக்கா, மீனம்பாக்கம்" என்றான். சரி என்று ஒரு பையைத் தூக்கி அவன் மடியில் வைத்துவிட்டார். அவனும் அதைப் பிடித்துக்கொண்டு போனில் பாட்டுக் கேட்டபடியே வந்தான். மெட்ரோவிலும் நான் போகிறேன், சுத்தமாக, குளுகுளுவென்று இருக்கிறது. அங்கே இந்த மாதிரி யாரும் யார் மடியிலும் பை வைத்து நான் பார்த்ததில்லை.

விற்கிறவர்களையும் சொல்ல வேண்டும். சமோசா, வேர்க்கடலை, பத்து ரூபாய்க்கு ஊக்கு அட்டை. பார்வையற்ற ஒருவர் பேனாவும் ஐடி கார்டு உறையும் விற்றுக்கொண்டு வருவார். இருபது ரூபாய்த் தாளை வாங்கி, விரலால் நீளத்தைத் தடவிப் பார்த்து, சரியாகப் பத்து ரூபாய் மீதி தருவார். பெட்டிக்குப் பெட்டி உள்ளே வழி கிடையாது, அதனால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, வண்டி நிற்கிற அந்த அரை நிமிடத்துக்குள் அடுத்த பெட்டிக்குப் போயாக வேண்டும். கண் தெரிகிற நான் அதைச் செய்யத் தயங்குவேன்.

சைதாப்பேட்டை தாண்டியதும் அடையாறு. மழைக்காலத்தில் போனால் ஆறு என்று ஒப்புக்கொள்ளலாம். கிண்டியில் கூட்டம் மறுபடி மாறும், இப்போது ஏறுகிறவர்கள் முக்கால்வாசி வேலைக்குப் போய் வருகிறவர்கள். பரங்கிமலையில் மெட்ரோவுக்கு மாறலாம். 2018 ஜூலையில் இந்த ஸ்டேஷனில்தான் படியில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள் பக்கச் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். காற்று நன்றாக வருகிறதே என்று வாசலில் போய் நிற்கத் தோன்றும். வேண்டாம், ஜன்னல் காற்று போதும்.

திரிசூலம் எனக்குப் பிடித்த இடம். இடது பக்கம் குன்று, வலது பக்கம் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கு அந்தப் பக்கம் விமான நிலையம். சுரங்கப்பாதையில் நடந்தால் பத்து ரூபாய் டிக்கெட்டிலிருந்து பத்தாயிரம் ரூபாய் டிக்கெட்டுக்குப் போய்விடலாம். பெரிய சூட்கேஸை உருட்டிக்கொண்டு எலக்ட்ரிக் டிரெயினில் ஏறுகிறவரைப் பார்த்தால், ஊர் தெரிந்த ஆள் என்று எனக்கு ஒரு மரியாதை வரும். டாக்சிக்குக் கொடுக்கிற காசில் அவர் ஒரு மாசம் முழுக்க இதில் போகலாம்.

பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் மூன்றும் சீக்கிரம் போய்விடும். குரோம்பேட்டையில் தோல் தொழிற்சாலை இருந்தது, சானடோரியத்தில் 1928-இல் காசநோய் மருத்துவமனை வந்தது. ஊருக்கு வெளியே, நல்ல காற்றுள்ள இடம் என்று தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அடுத்த மூன்று வருஷத்தில், 1931-இல், கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஊருக்கு வெளியே இருந்ததெல்லாம் ஊருக்குள் வந்ததில் இந்தத் தண்டவாளத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணக்கு. 2004 வரை இதில் மீட்டர் கேஜ் (குறுகிய தண்டவாள) வண்டிதான் ஓடியது. அந்தச் சின்னப் பெட்டியில் போனவர்கள் இப்போதும் அதைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள்.

தாம்பரத்தில் பெட்டி காலியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல வண்டிகள் செங்கல்பட்டு வரை போகும். தாம்பரத்துக்கு அப்பால் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்கு வெளியூர் பஸ்கள் போனதிலிருந்து இந்தப் பக்கம் மூட்டை முடிச்சோடு வருகிற கூட்டமும் அதிகம். தென் மாவட்டத்து ஆட்கள் "எந்தப் பக்கம் பஸ் நிக்கும்?" என்று பிளாட்பாரத்திலேயே விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

போவதென்றால் வார நாளில், பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் வேடிக்கை பார்ப்பதற்காக ஏறுவது, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனின் இடத்தைப் பிடிக்கிற வேலை. 2025 ஏப்ரலில் இருந்து ஏசி வண்டியும் ஓடுகிறது, குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். மே மாத வெயிலில் அது தேவலாம்தான். ஆனால் கதவும் கண்ணாடியும் மூடியிருக்கும், அதனால் முதல் தடவைக்கு நான் சாதா வண்டியைத்தான் சொல்வேன்.