ரெக்கார்டு எழுத வைப்பதும் ராகிங்தான்

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம். முதலாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கும் உங்கள் மகனை விடுதியில் சீனியர்கள் இரவு இரண்டு மணி வரை உட்கார வைத்துத் தங்கள் ரெக்கார்டு நோட்டுகளை எழுதச் சொல்கிறார்கள் என்றும், புகார் கொடுத்தால் வாய்மொழித் தேர்வில் பழிவாங்கப்படுவோமோ என்று அவர் அஞ்சுகிறார் என்றும் சொல்லியிருந்தீர்கள். அடி விழவில்லை என்பதால் இதைச் சிறியதாக எண்ணாதீர்கள். பிறருடைய பாடவேலையை ஒரு மாணவர் மீது சுமத்துவதையும் விதிகள் ராகிங் என்றே வரையறுக்கின்றன. 1996-இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பின்னர், 1997-இல் தமிழ்நாட்டில் வந்த தடைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ராயபுரத்தில் வளர்ந்து மருத்துவரான நானும் அப்படி எழுதியவன்தான். விரலில் மசிக்கறையோடு காலையில் உடற்கூறு அறையில் நின்றபடியே கண் சொருகியது இன்னும் நினைவிருக்கிறது. அன்று வாய் திறக்காமல் இருந்ததற்காக இப்போதும் வருந்துகிறேன்.

வாய்மொழித் தேர்வை நடத்துபவர்கள் பேராசிரியர்கள். சீனியர்களுக்கு அதில் இடமே இல்லை. மகன் தம் கையெழுத்தில் எழுதிய பக்கங்களைத் திருப்பிக் கொடுக்கும் முன் படம் எடுத்து வைக்கட்டும். தேதி, நேரம், அறை எண் ஆகியவற்றைக் குறித்து டீனிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். இன்றிரவே தொல்லை நேர்ந்தால் 1800-180-5522 என்ற ராகிங் எதிர்ப்பு உதவி எண்ணை அழையுங்கள்.