நாள் முழுக்க உட்கார்ந்திருந்தும் ஏன் இத்தனை அசதி?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். தினமும் ஐந்தாறு காணொலிக் கூட்டங்கள்; பலவற்றில் நான் வாய் திறப்பதுகூட இல்லை. ஆனாலும் மாலையில் தலை கனத்து, யாராவது பேச்சுக் கொடுத்தாலே எரிச்சல் வருகிறது. ‘உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன அசதி?’ என்று வீட்டார் கேட்கிறார்கள். இது மனநோயின் அறிகுறியா?

பதில்: விடுமுறை நாளில் அசதி விலகிவிடுகிறது என்றால் மனநோய் என்று அஞ்ச வேண்டியதில்லை; வாரக்கணக்கில் விலகாமல் தூக்கமும் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பேசாமல் அமர்ந்திருப்பது ஓய்வு என்று வீட்டார் நினைப்பதுதான் தவறு. நேர்ப்பேச்சில் ஒருவர் முடித்ததும் மற்றவர் தொடங்கும் இடைவெளி, பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வின்படி, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். இணையத்தில் ஒலி சற்றே பிந்தினாலும் அந்தத் தாளம் குலைந்து, இருவர் ஒருசேர வாயெடுப்பதும், ‘இல்லை, நீங்கள் சொல்லுங்கள்’ என்று இருவருமே பின்வாங்குவதும் நிகழ்கின்றன. இயல்பாக நடக்க வேண்டியதை மூளை கவனம் வைத்து நடத்த வேண்டியிருக்கிறது.

அதைவிடப் பெரிய சுமை, திரையின் மூலையில் தெரியும் உங்கள் முகம். அலுவலகத்தில் யாரும் நாள் முழுக்க எதிரே கண்ணாடி வைத்துக்கொண்டு பேசுவதில்லை. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெரமி பெய்லென்சன் 2021-இல் சுட்டிய நான்கு காரணங்களில் இதுவும் ஒன்று. மிக நெருக்கத்தில் உற்றுநோக்கும் முகங்கள், அசையாமல் அமர்ந்திருத்தல், சைகைகளைப் படிக்கவும் காட்டவும் கூடுதலாக முயலுதல் ஆகியவை மற்றவை. அதே ஆண்டு பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அப்பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்வில், மிகுந்த களைப்பு எனக் கூறியவர்கள் பெண்களில் 13.8 விழுக்காடு, ஆண்களில் 5.5 விழுக்காடு, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் உறுத்தல் இவ்வேறுபாட்டுக்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள்.

ஆகவே முதலில், உங்கள் படம் உங்களுக்கு மட்டும் தெரியாதவாறு மறைக்கும் வசதியை இயக்குங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிவீர்கள். அடுத்து, கூட்டங்களுக்கிடையே பத்து நிமிடம் எழுந்து நடங்கள். மைக்ரோசாஃப்ட் 2021-இல் மூளை அலைகளை அளந்தபோது, இடைவேளையின்றித் தொடர்ந்தவர்களுக்கு மன அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. பதினான்கு பேரிடம் மட்டும் செய்த சோதனை என்றாலும், உங்கள் அனுபவமும் அதையே சொல்லும் என எண்ணுகிறேன்.

மேலாளரிடம் ‘கேமராவை அணைக்கலாமா?’ என்று தயங்கிக் கேட்காதீர்கள். ‘விவாதம் உள்ள கூட்டங்களுக்குக் கேமராவுடன் வருகிறேன், அறிக்கை வாசிக்கும் கூட்டங்களுக்கு ஒலி மட்டும் போதும்’ என்று காரணத்தோடு முன்வையுங்கள்.