கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: பெரிய பதவிக்கு ஆள் தேடும் ஏஜென்சிகள்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் குடும்பத்தின் உணவுத் தொழிற்சாலைக்குப் பொது மேலாளர் தேவை. ஆண்டுச் சம்பளம் 240,000 வெள்ளி. ஓர் ஏஜென்சி அதில் 20 விழுக்காடு கேட்கிறது, ஆள் சேர்ந்த பிறகு கொடுத்தால் போதுமாம். இன்னொன்று மூன்றில் ஒரு பங்கை மூன்று தவணையாகக் கேட்கிறது, முதல் தவணை இப்போதே. மலிவானதை எடுக்கலாமா?

பதில்: 48,000 எங்கே, 80,000 எங்கே! தயக்கம் புரிகிறது. ஆனால் இரண்டும் ஒரே சரக்கு அல்ல. ஆள் சேர்ந்தால்தான் காசு என்பவர் ஒரே நேரத்தில் பல பதவிகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பார். ஏற்கெனவே வேலை தேடுபவர்களின் பயோடேட்டாதான் உங்களுக்கு வரும். கணக்காளருக்கு அது போதும். உங்களுக்கு வேண்டியவர் இன்று வேறொரு தொழிற்சாலையில் நிம்மதியாக இருக்கிறார். அவரைத் தேடிப் பிடித்துப் பேசி வரவழைக்க வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் தவணை.

ஆனால் தவணை கட்டுமுன் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். வேட்பாளர்களுக்குத் தொலைபேசியில் அழைக்கப்போவது யார்? பேரம் பேச வந்தவரா, வேறு யாராவதா? இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். எங்கள் அச்சகத்துக்கு மேலாளர் தேடியபோது பேச வந்த ஏஜென்ட் அச்சுத் தொழிலைக் கரைத்துக் குடித்தவர். காகித விலை ஏறிய கதைவரை பேசினார். அன்றே 14,000 வெள்ளிக்குக் காசோலை எழுதினேன். அதற்குப்பின் அவர் குரலைக்கூடக் கேட்கவில்லை. பள்ளி முடித்த வயதில் ஒரு தம்பி, தாளைப் பார்த்துப் படித்தபடி ஊரெல்லாம் அழைத்திருக்கிறார். நேர்காணலுக்கு வந்த ஒருவர், “நீங்கள் துணியில் அச்சிடுபவர்கள்தானே?” என்று கேட்டார். நாங்கள் அடிப்பது மருந்துப் பெட்டிகள். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை, அவரை முன்னால் தள்ளிவிட்டு ஒளிந்தவர்மேல்தான் கோபம். பணமும் திரும்பவில்லை. ஒப்பந்தத்தில் அதற்கு வழியே இருக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், தேடப்போகிறவரின் பெயரை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஏஜென்சியிடம் கேட்க இன்னொரு கேள்வியும் உண்டு: எந்தெந்த நிறுவனங்களிலிருந்து நீங்கள் ஆள் எடுக்கமாட்டீர்கள்? தங்கள் வாடிக்கையாளரிடமிருந்து ஆளை இழுப்பதில்லை என்பது இந்தத் தொழிலின் வழக்கம். உங்கள் போட்டியாளர்கள் எல்லாருமே அவருடைய வாடிக்கையாளர்கள் என்றால், உங்களுக்காக அவர் தேட இடமே மிஞ்சாது. பெரிய பெயர் உள்ள ஏஜென்சியிடம் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஒரே பதவியை மூன்று ஏஜென்சிகளிடம் கொடுத்தால் போட்டி போட்டு வேகமாக முடிப்பார்கள் அல்லவா?

பதில்: மாட்டார்கள். ஒரே ஆளை இருவர் அனுப்பி, இருவருமே கட்டணம் கேட்பார்கள்.

கேள்வி: காக்கி புக்கிட்டில் எங்கள் அலுவலகம். ஏஜென்சி மூலம் வந்த நிதி அதிகாரி ஐந்தாம் மாதம் விலகிவிட்டார். மாற்று ஆள் தர மறுக்கிறார்கள். 90 நாள் உத்தரவாதம் என்று இப்போதுதான் பார்த்தோம்.

பதில்: இப்போதுதான் பார்த்தீர்களா? கைபேசி வாங்கினாலே உத்தரவாத அட்டையைப் புரட்டுகிறோம். ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சம்பளம் அளவுக்குக் கட்டணம் கட்டுகிறீர்கள், நான்கு பக்கம் படிக்க நேரமில்லையா? பெரிய பதவிக்கு ஆறு மாதமோ ஓராண்டோ கேட்டிருக்கலாம், பல ஏஜென்சிகள் ஒப்புக்கொள்ளும். இப்போது உரிமையாகக் கேட்க எதுவுமில்லை. அடுத்த தேடலுக்குக் கட்டணக் கழிவு கேட்டுப் பாருங்கள். அதோடு, பில்லைத் தாமதமாகக் கட்டினால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் இருக்கும்.

கேள்வி: மாதம் 15,000 வெள்ளிக்கு வெளிநாட்டு இயக்குநரை எடுக்கிறோம், நாங்கள் 40 பேர். விளம்பரம் தேவையில்லை என்கிறார் ஏஜென்ட்.

பதில்: தவறு. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு, அதாவது வெளிநாட்டு நிபுணருக்கான வேலை அனுமதிக்கு, விண்ணப்பிக்குமுன் மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்க வேலைவாய்ப்புத் தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ என்றால் விலக்கு. 10 பேருக்குக் குறைவான நிறுவனத்துக்கும் விலக்கு உண்டு. நீங்கள் இரண்டிலும் சேரவில்லை. இதுகூடத் தெரியாதவரிடம் இயக்குநரைத் தேடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: 52 வயதில் ஆட்குறைப்பில் வேலை போனது. “இயக்குநர் பதவி உறுதி” என்று ஒருவர் பேநவில் (கைபேசிவழி வங்கிப் பணமாற்று) 2,800 வெள்ளி வாங்கினார். இப்போது வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை. என் அவசரம்தான் காரணமா, அக்கா?

பதில்: இல்லை, அம்மா. வேலை போன வேதனையில் இருப்பவரைக் குறிவைத்து ஏமாற்றியது அவர். குற்றம் அவருடையது. பெரிய பதவித் தேடலில் வழக்கமாகக் கட்டணம் கட்டுவது முதலாளிதான். முதலில் மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் அந்த ஏஜென்சிக்கு உரிமமும் அந்த ஆளுக்குப் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அமைச்சிடமும் போலீசிடமும் புகார் கொடுங்கள். உரிமமின்றி ஏஜென்சி நடத்தினால் 80,000 வெள்ளிவரை அபராதம், 2 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். உரிமம் இருந்தால் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திலும் வழக்குப் போடலாம். அங்கே 20,000 வெள்ளிவரை கேட்கலாம், வழக்கறிஞர் கிடையாது, 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பேநவ் பதிவையும் “பதவி உறுதி” என்று அவர் எழுதிய வாட்ஸ்அப் செய்தியையும் இன்றே படமெடுத்து வையுங்கள், அவர் அழிப்பதற்குள்.