ஃபியோதரிடம் சாம்போ எங்கே? – கடிதம்

அன்புள்ள சார்,

ரஷ்ய எம்.எம்.ஏ. வீரர் ஃபியோதர் எமெலியானென்கோ பற்றிய குறிப்பில் அவரை ‘சாம்போ சாம்பியன்’ என்று எழுதியிருந்தீர்கள். சாம்போ ஒரு ரஷ்ய மல்யுத்தம் என்று தெரியும். யூடியூபில் அவருடைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். குத்துதான் தெரிகிறது. இதில் சாம்போ எங்கே இருக்கிறது? பத்து வருடம் தோற்காதவர் 2010இல் ஒரே நிமிடத்தில் எப்படிச் சிக்கினார்?

ஒரு வாசகர், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

குத்தை விட்டுவிட்டு, குத்திய கை அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் எதிராளியின் கழுத்துக்கோ முதுகுக்கோ போகும். சாம்போவில் ‘குர்த்கா’ என்ற கெட்டித் துணிச் சட்டை உண்டு. இடைவார் அதிலுள்ள துளைகள் வழியாகக் கோத்து வரும். எதிராளியின் தோளுக்கு மேலாகக் கையைப் போட்டு முதுகுப்பக்கம் அந்த வாரைப் பிடித்து வீசுவது அங்கே அன்றாடப் பாடம். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ.வில் சட்டை கிடையாது. அதே கை வெறும் உடம்பைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது.

அடுத்தது அவசரம். விளையாட்டுச் சாம்போவில் ஆட்டம் 5 நிமிடம். நீங்கள் நின்றபடியே எதிராளியை மல்லாக்க வீசினால் அத்தோடு முடிந்தது. தரையில் 20 விநாடி அமுக்கிவைத்தால் 4 புள்ளி. கைப்பூட்டும் கால்பூட்டும் போடலாம், கழுத்தை நெரிக்கக் கூடாது. தரையில் ஒன்றும் நடக்கவில்லையென்றால் நடுவர் எழுப்பி நிறுத்திவிடுவார். கீழே கிடந்து மூச்சு வாங்க வழியே இல்லை என்பதால், விழும்போதே கை ஒரு பிடியைத் தேடும். ஃபியோதர் 2002, 2005, 2007இல் உலகப் பட்டம் வென்றது கம்பாட் சாம்போவில். அதில் குத்து, உதை, கழுத்து நெரிப்பு எல்லாம் உண்டு. ஆனால் அவர் உடம்பு பழகியது விளையாட்டுச் சாம்போவிலும் ஜூடோவிலும்தான்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1976இல் உக்ரைனின் ருபீஷ்னேவில் பிறந்தார். இரண்டு வயதில் குடும்பம் ரஷ்யாவின் ஸ்தாரி ஒஸ்கோலுக்குப் போனது. எலக்ட்ரீஷியன் படிப்பு, 1995 முதல் இரண்டு வருடம் ராணுவம். 2000இல் வருமானத்துக்காகத் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். கிட்டத்தட்ட 105 கிலோ. அவர் ஆடிய ஹெவிவெயிட் பிரிவில் சிறிய உடம்புதான்.

2004 ஏப்ரலில் மார்க் கோல்மனோடு ஆடியதை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கோல்மன் மேலே, ஃபியோதர் கீழே. மேலே இருப்பவர் குத்தவோ ஊன்றவோ கையை நீட்டியாக வேண்டும். நீட்டிய கையின் மணிக்கட்டைப் பிடித்து, இடுப்பைக் குறுக்காகத் திருப்பி, ஒரு காலை முகத்துக்கு மேலே போட்டு, முழங்கால்களை நெருக்கி இடுப்பை உயர்த்தினால் முழங்கை எதிர்ப்பக்கம் வளையும். சாம்போக்காரர்கள் இதை ‘நெம்புகோல்’ என்பார்கள், சரியான பெயர். கோல்மன் 2 நிமிடம் 11 விநாடியில் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டிவிட்டார்.

இது பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். உங்கள் இடுப்புக்கும் அவர் தோளுக்கும் நடுவே இடைவெளி விட்டால் முழங்கை உருவிக்கொண்டு போய்விடும். காலை முகத்துக்கு மேலே போடத் தாமதித்தால், அவர் எழுந்து உங்களை மடக்கி அமுக்கிவிடுவார். ஃபியோதர் இந்த இரண்டுக்கும் நேரம் கொடுப்பதில்லை. அதே வருடம் ஜூனில் கெவின் ராண்டில்மன் அவரைத் தலைகீழாகத் தூக்கி அடித்தார், பார்க்கவே வயிற்றைப் பிசையும். ஆனால் ஆட்டம் தொடங்கி 1 நிமிடம் 33 விநாடியில் ராண்டில்மனின் கை முறுக்குப் பூட்டில் மாட்டியிருந்தது. இதற்குச் சாம்போவில் ‘முடிச்சு’ என்று பெயர்.

இனி 2010. ஃபப்ரீசியோ வெர்டூம் கீழே விழுந்தார், ஃபியோதர் முடித்துவிடப் பாய்ந்தார். நேரே வெர்டூமின் கால்களுக்கு நடுவே போய் விழுந்தார். வெர்டூம் ஃபியோதரின் ஒரு கையை உள்ளே விட்டு, மறு கையை வெளியே தள்ளி, கால்களால் கழுத்தை முக்கோணமாகப் பூட்டி, கூடவே கையையும் நீட்டிவிட்டார். 69 விநாடி. முக்கோண நெரிப்பு விளையாட்டுச் சாம்போவில் கிடையாது, அதனால் ஏமாந்தார் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 2003இல் நொகேய்ராவின் கால்களுக்கு நடுவிலேயே வெகுநேரம் இருந்து, முதுகை நிமிர்த்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்துக் குத்தித்தான் ‘பிரைடு’ என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. அமைப்பின் பட்டத்தைப் பிடித்தார். வெர்டூமோடு ஆடும்போது ஃபியோதரிடம் அந்த நிதானம் இல்லாமல் போனது. சாம்போ தந்த அதே அவசரம் அன்று அவரையே கவிழ்த்தது.

‘பத்து வருடம் தோற்காதவர்’ என்பதில் ஒரு திருத்தம். எம்.எம்.ஏ.வில் 2000 டிசம்பரில் ஜப்பானின் கோசாகாவின் முழங்கை பட்டு ஃபியோதருக்குக் கிழிந்த காயத்தால் 17 விநாடியில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, அவருக்குத் தோல்வி என்றானது. அதற்குப் பிறகு வெர்டூம் வரை அங்கே தோல்வி இல்லை என்பது சரி. ஆனால் 2008 நவம்பரில், பீட்டர்ஸ்பர்க் உலகக் கம்பாட் சாம்போ அரையிறுதியில் பல்கேரியாவின் பிளாகோய் இவானோவ் அவரை வென்றார். ஃபியோதருக்கு அந்த முறை வெண்கலம்.