பஸ் காசுக்கு யார் பொறுப்பு? தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளின் படிப்பும் தொழிலும்: கேள்வி பதில்

நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்திலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. இப்போது ஹட்டன் பக்கம் ஒரு சின்ன உதவி நிதியின் கணக்கைப் பார்க்கிறேன். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்குக் காசு எங்கிருந்து வரும், எந்த இடத்தில் வந்து நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியும். அதைக் கேளுங்கள். காணி வழக்கும் கல்யாணப் பேச்சும் என்னிடம் வேண்டாம். ஞாயிறு முழுக்க இருக்கிறேன்.

பொகவந்தலாவை: ஐயா, என் தங்கச்சி மாப்பிள்ளை தேயிலைத் தோட்டத்தில் 14 வருஷம் பேர் பதிந்து வேலை செய்தவர். போன வருஷம் தவறிவிட்டார். தங்கச்சி அதற்கு முன்பே இல்லை. பெரியவள் 9ஆம் ஆண்டு, சின்னவன் 6. எங்கம்மாதான் கொழுந்து எடுத்து இரண்டையும் வளர்க்கிறார். வெளிநாட்டு நிதி ஏதாவது கிடைக்குமா?

தம்பி, வெளிநாட்டை விடுங்கள். அந்தப் பிள்ளைகளின் சொந்தக் காசு எங்கே கிடக்கிறது என்று முதலில் பார்ப்போம். மூன்று இடத்தில் கிடக்கிறது.

ஒன்று சேமலாப நிதி. தகப்பனாரின் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது நம்பிக்கை நிதி, அது தோட்டம் மட்டும் கட்டுகிற 3 வீதம். மூன்றாவதைத்தான் நம் சனம் மறந்துவிடுகிறது: பணிக்கொடை. 1983ஆம் வருஷச் சட்டப்படி 5 வருஷமோ அதற்கு மேலோ வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். அவர் இறந்தால் அது வாரிசுக்குச் சேரும். 14 வருஷத்துக்கு 196 நாள். நாட்சம்பளம் 1,350 என்று வைத்தாலே 264,600 ரூபா. வேலை முடிந்து 30 நாளைக்குள் கொடுக்க வேண்டிய பணம் இது. கேட்காவிட்டால் யாரும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டார்கள். தோட்டம் இழுத்தடித்தால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு எழுதுங்கள்.

இனி சிக்கல் வரும் இடம். சேமலாப அட்டையில் 'பெருமாள் ராமையா', அடையாள அட்டையில் 'ராமையா பெருமாள்', மகளின் பிறப்புச் சான்றிதழில் வெறும் 'ராமையா' என்று இருக்கும். தகப்பன் பேர் முன்னால் வந்ததா பின்னால் வந்ததா என்று அந்தக் காலக் கிளாக்கர் ஐயாமார் கவலைப்பட்டதே இல்லை. மூன்று பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று தோட்டத்திலிருந்து ஒரு கடிதம், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு சான்று, சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி எடுங்கள். மரணச் சான்றிதழில் ஐந்தாறு உறுதிப்படுத்திய பிரதிகள் வாங்கி வையுங்கள். போட்டோ கொப்பியைக் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள், அதில் ஒரு நாள் சம்பளம் போகும்.

உங்கள் அம்மாவுக்குச் சட்டப்படி பிள்ளைகள் மேல் பொறுப்பு இருக்கிறதா? இல்லையென்றால் பிரதேசத்து நன்னடத்தை உத்தியோகத்தரைப் பாருங்கள். 1939ஆம் வருஷச் சிறுவர் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவரைத் 'தகுந்த ஆள்' என்று நீதிமன்றம் நியமிக்கலாம். வருகிற பணம் பிள்ளைகள் பேரில் வங்கியில் விழ வேண்டும். மாமா கையிலும் வேண்டாம். கோபிக்காதீர்கள், நல்ல மாமாக்களையும் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோ: பத்துப் பிள்ளைகளைத் தத்தெடுக்க ஆசை. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் எவ்வளவு வரும்? படங்களும் விபரமும் அனுப்பினால் நண்பர்களிடமும் சேர்ப்பேன்.

கட்டணம் கிடையாது. இலங்கையில் 1945இலிருந்து கல்வி இலவசம். பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. அப்படியிருந்தும் பிள்ளை ஏன் நிற்கிறது? தோட்டத்து மேல் பிரிவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு பஸ் காசு. சப்பாத்து. கொப்பி. மழைக்காலத்தில் காயாத ஒரே ஒரு சட்டை. ஓ/எல் (11ஆம் ஆண்டுப் பரீட்சை) நெருங்கினால் டியூஷன். பதினாறு வயதுக்குப் பிறகு பயிற்சி நிலையம் தூரத்தில் இருந்தால் போர்டிங். இதற்கெல்லாம் பற்றுச்சீட்டு வராது, விழா எடுக்க முடியாது, அதனால் யாரும் கொடுப்பதில்லை. நான் கணக்குப் பார்க்கிற நிதியில் அதிகம் போவது பஸ் காசுக்குத்தான்.

'தத்தெடுப்பது' என்ற சொல்லை விடுங்கள். அது 1941ஆம் வருஷச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் நடக்கிற காரியம். நீங்கள் செய்ய நினைப்பது படிப்புச் செலவு ஏற்பது. படம் அனுப்ப மாட்டேன். அனாதை என்று எழுதி முகநூலில் போட்ட படம், அந்தப் பிள்ளை முப்பது வயதில் பெண் பார்க்கப் போகும்போதும் அங்கேயே இருக்கும்.

பசறை: பேத்திக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை.

5 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம். சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்பக்கூடாது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், அவரையும் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போங்கள். அதே நடையில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பியுங்கள். தள்ளிப்போட்டால் அடையாள அட்டை, பரீட்சை, வங்கிக் கணக்கு எல்லாம் நிற்கும். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். பானைக்கு அடியில், சாமிப் படத்துக்குப் பின்னால் எல்லாம் பாருங்கள்.

சுவிஸ்: மாதம் எவ்வளவு அனுப்பினால் போதும்?

மேலே ரொறன்ரோ அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தலவாக்கலை: தம்பி ஓ/எல் சரிவரவில்லை. டவுனில் ஒரு இடத்தில் கம்பியூட்டர் டிப்ளோமா 85,000 கேட்கிறார்கள். உங்கள் நிதி கட்டுமா?

கட்டாது. அந்தச் சான்றிதழ் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) தானா, எந்த மட்டம் என்று கேளுங்கள். அந்த இடம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். பதிலுக்கு 'எங்கள் சான்றிதழ் லண்டனிலேயே செல்லும்' என்றார்களா, எழுந்து வந்துவிடுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபை, நைட்டா (பயிலுனர், கைத்தொழில் பயிற்சிக்கான அரச சபை), தொழில்நுட்பக் கல்லூரி இவற்றில் பெரும்பாலான பாடங்களுக்குச் செலவே இல்லை, இருந்தாலும் சொற்பம். மட்டம் 4 முடித்தால் ஒருவன் தேர்ந்த தொழிலாளி, 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். ஓ/எல் தவறியவனும் இந்தப் படியில் ஏறலாம்.

ஏற்கெனவே கொழும்பில் கராஜிலோ கட்டட வேலையிலோ நாலைந்து வருஷம் கை பழகியவனா? அவன் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. நைட்டாவில் அவன் வேலையைச் சோதித்துப் பார்த்து என்.வி.கியூ. கொடுக்கும் வழி இருக்கிறது. நம் பொடியன்களில் எத்தனையோ பேர் கையில் தொழிலை வைத்துக்கொண்டு சான்றிதழ்த் துண்டு இல்லாமல் 'கையாள்' சம்பளத்துக்கு நிற்கிறார்கள்.

மஸ்கெலியா: 15 வயது. கொழும்புக் கடையில் சாப்பாடும் தங்குமிடமும் தந்து சம்பளமும் தருவார்களாம். அனுப்பலாமா?

கூடாது. 2021இலிருந்து வேலைக்கு ஆகக் குறைந்த வயது 16. கொழும்பு வீடொன்றுக்கு வேலைக்குப் போன டயகமச் சிறுமி அதே வருஷம் பிணமாகத் திரும்பி வந்தாள் என்று மலையகத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. யாராவது பிள்ளையை வற்புறுத்தினால் சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு அழையுங்கள்.

வெலிமடை: பாட்டிக்கு வயதாகிவிட்டது. நகரத்தில் ஒரு இல்லத்தில் விட்டால் நல்லாப் படிக்குமே?

வறுமைக்கு இல்லம் மருந்தில்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார். அங்கே மூன்று வேளை சாப்பாடு உண்டு, 18 வயதில் ஒரு பெட்டியோடு வெளியே விடுவார்கள், போக ஒரு லயத்து வீடுகூட இருக்காது. பிள்ளைக்கு வீட்டில் ஆபத்து என்றால் அது வேறு கதை, அதை நன்னடத்தை உத்தியோகத்தர் தீர்மானிக்கட்டும். மற்றபடி பாட்டியின் லயத்துக் காம்பராவுக்குக் காசு போகட்டும்.

லண்டன்: ஐயா, காலையிலிருந்து பார்க்கிறேன். கராஜ், கட்டட வேலை, என்.வி.கியூ. தோட்டத்துப் பிள்ளை என்றால் கைவேலைதானா? வெள்ளைக்காரத் துரையும் இதைத்தானே சொன்னான்? எங்கள் காசு டொக்டரையும் இஞ்சினியரையும் உருவாக்க வேண்டும்.

வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வருகிறது. லண்டன் அண்ணே, அங்கே குழாய் திருத்த வருகிறவனுக்கு மணிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்கு 26 வயது வரை காத்திருக்க வசதி இல்லை. 19 வயதில் அது தம்பிக்குச் சோறு போட வேண்டும்.

கொட்டகலை, வெல்டிங் போதனாசிரியர்: நன்றாகச் சொன்னீர்கள். என்னிடம் படித்தவர்கள் கட்டாரில் இருந்து வீடு கட்டியிருக்கிறார்கள்.

ஹட்டன், கணித ஆசிரியை: மன்னிக்கணும் ஐயா. எங்கள் பாடசாலையில் போன வருஷம் தாய் இல்லாத ஒரு பிள்ளை ஓ/எல்லில் 8 ஏ எடுத்தாள். தகப்பன் குடிகாரர். அவளுக்கு உதவிய வெளிநாட்டு அன்பர் 'ஆறு மாத அழகுக்கலை என்றால் முழுச் செலவும் தருகிறேன், ஏ/எல் உயர்தரப் படிப்புக்கு இல்லை' என்று எழுதினார். ஏனென்றால் அதில் 'முடிவு' தெரியுமாம். அவள் இப்போது புருவம் திருத்தப் பழகுகிறாள். கணிதப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகள் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5 வீதம், நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. கதவு திறந்திருக்கிறது, பிள்ளையை நாமே ஜன்னல் பக்கம் தள்ளுகிறோம்.

லண்டன்: இதைத்தான் நானும் சொன்னேன்!

நீங்கள் சொன்னது வேறு அண்ணே, டீச்சர் சொல்வது வேறு. கொஞ்சம் பொறுங்கள்.

டீச்சர், பதில் எழுத அரை மணி நேரம் போய்விட்டது. 2009இல் இதே வேலையை நானும் செய்தேன். தகப்பன் இறந்து, தாய் வேறு கல்யாணம் கட்டிப் போன பிள்ளை. 'சேர், கணக்குப் படிக்கணும்' என்று இரண்டு தடவை கேட்டது. தையல் வகுப்பில் ஒரு இடம் இருந்தது, படிவமும் என் மேசையில் இருந்தது, நிரப்பிவிட்டேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறது, நல்லாத்தான் இருக்கிறது, என்னைக் கண்டால் சிரிக்கும். கணக்கைப் பற்றிப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆகவே காலையில் சொன்னதைத் திருத்துகிறேன். பிள்ளையைக் கேட்காமல் படிவம் நிரப்பக்கூடாது. ஏ/எல்லுக்குத் தகுதியுள்ள பிள்ளையின் செலவை இரண்டு வருஷத்துக்கு முழுதாக ஏற்க வேண்டும். பல்கலைக்கழகம் கிடைத்தால் மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது, கிடைக்காவிட்டாலும் ஆசிரியராக வர பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கிறது. ஓ/எல் பெறுபேறு எதுவாக இருந்தாலும் 13ஆம் ஆண்டு வரை தொழிற்பாடங்களோடு படிக்க 2017இல் தொடங்கிய திட்டமும் சில பாடசாலைகளில் உண்டு.

போதனாசிரியரும் கோபிக்க வேண்டாம். வெல்டிங்கைத் தானே விரும்பி எடுக்கிற பிள்ளைக்கு வெல்டிங்தான். இலக்கு வைத்து வருகிற காசைப் பற்றித்தான் பேச்சு. 'இந்த வருஷம் 20 பேருக்குப் பயிற்சி முடித்தோம்' என்று எழுத வேண்டியிருப்பதால் ஆறு மாதப் பாடமே எல்லாருக்கும் வாய்க்கிறது.

லண்டன்: அப்படியானால் என் காசு டொக்டருக்கு மட்டும் என்று எழுதலாமா?

கூடாது.

ஹல்துமுல்ல: டித்வா புயலில் மண்சரிவுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நிறையப் பேர் உதவுகிறேன் என்கிறார்கள். எதைக் கேட்பது?

எட்டு வருஷம் கேளுங்கள். உங்கள் பக்கத்து மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண் சரிந்தபோது பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், வீடும் வீட்டில் இருந்தவர்களும் புதைந்தார்கள். முதல் மாதம் கொப்பியும் சப்பாத்தும் குவிந்தன. அன்று 3ஆம் ஆண்டில் இருந்த பிள்ளை ஓ/எல் எழுத எட்டு வருஷம். அதுவரை யார் நின்றார்கள்? ஒரேயடியாகத் தருகிற பெரிய தொகையைப் பிள்ளை பேரில் நிலையான வைப்பில் போடச் சொல்லுங்கள். கொப்பி போதும் என்று நன்றி சொல்லிவிடுங்கள்.

லிந்துலை: அம்மா குவைத்தில், அப்பா இல்லை. நான் 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன், உதவி கிடைக்குமா? (தங்கச்சிக்காக அக்கா எழுதுகிறேன்.)

கெட்டிக்காரத் தங்கச்சி. அம்மா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவரென்றால் பணியகத்தின் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். பதிவு இலக்கத்தை அம்மாவிடம் கேட்டு வையுங்கள்.

நோர்வூட்: கம்பியூட்டர் கோர்ஸ் ஒன்று 60,000...

தலவாக்கலைக்குச் சொன்ன பதில்தான். விலை மட்டும்தான் குறைந்திருக்கிறது.

ஹட்டன், கணித ஆசிரியை: ஐயா, அந்த 8 ஏ பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறதா?

இருக்கிறது டீச்சர். செவ்வாய்க்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பெறுபேற்றுப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், தாயின் மரணச் சான்றிதழ், இவ்வளவும் மூலப்பிரதி. அந்த அன்பருக்கு நானே எழுதுகிறேன், அவர் மறுத்தாலும் எங்கள் நிதியில் பஸ்ஸுக்கும் போர்டிங்குக்கும் இடமிருக்கிறது. என்ன படிக்கப் போகிறது என்று பிள்ளை வாயால் சொல்லட்டும். படம் வேண்டாம்.