சுருட்டைக் கெடாமல் வைக்க ஹியூமிடார் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மைத்துனர் 25 கியூபா சுருட்டுகள் கொண்ட ஒரு பெட்டி தந்தார். மாதம் ஒன்றோ இரண்டோதான் பிடிப்பேன். சென்னையில் அடுக்குமாடி வீடு. படுக்கையறையில் இரவில் மட்டும் ஏசி ஓடும். சுருட்டுக்கென்றே ஈரப்பதம் காக்கும் ஹியூமிடார் பெட்டியின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? இரண்டு சுருட்டில் மேல் இலை வெடித்துவிட்டது. தூக்கிப்போட வேண்டியதுதானா?

பதில்: ஹியூமிடார் வேண்டாம். காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவும், ஈரப்பதத்தைச் சீராக வைக்கும் ஒரு சிறு பொட்டலமும் இருந்தால், இந்த 25 சுருட்டும் ஒரு வருஷத்துக்கு மேல் நன்றாகவே இருக்கும். விலை மலிவான ஹியூமிடார் மரப்பெட்டிகளில் மூடி சரியாகப் பொருந்துவதில்லை. அவற்றைவிட டப்பாவே மேல்.

சுருட்டுக்குச் சுற்றியுள்ள காற்றில் 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது 80ஐத் தாண்டும். உங்கள் ஏசி அறையிலோ இரவில் 50 பக்கம் இறங்கிவிடும். இப்படித் தினமும் ஊதுவதும் சுருங்குவதுமாக இருந்தால் இலை தாங்காது. உங்களுடைய இரண்டும் வெடித்தது பெரும்பாலும் இதனால்தான் இருக்கும்.

டப்பா வாங்கும்போது நான்கு பக்கமும் கிளிப் போட்டுப் பூட்டுவதாகவும், மூடியின் உள்ளே சிலிக்கான் வளையம் உள்ளதாகவும் பாருங்கள். பாதி தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் கசியக் கூடாது. மசாலா வைத்த பழைய டப்பா வேண்டவே வேண்டாம். அந்த வாடையைப் புகையிலை அப்படியே இழுத்துக்கொள்ளும். புது டப்பாவையும் கழுவி, பிளாஸ்டிக் வாடை போகும்வரை திறந்து வையுங்கள். சுருட்டு வந்த மரப்பெட்டியையே முழுசாக உள்ளே வைக்க முடிந்தால் மிக நல்லது. ஸ்பானிஷ் சீடர் என்று சொல்லப்படும் அந்த மரம் நம் வேம்பின் குடும்பம்தான். ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்துக்கொண்டு திருப்பித் தரும். மணமும் சுருட்டோடு ஒத்துப்போகும். டப்பா அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்க வேண்டாம். உள்ளே காலி இடம் குறையக் குறைய ஈரப்பதம் நிலையாக நிற்கும்.

அடுத்தது பொட்டலம். போவேடா போன்றவை ஆன்லைனில் கிடைக்கின்றன. உள்ளே உப்புக் கரைசல். மேலே நீராவி மட்டும் ஊடுருவும் உறை. காற்று காய்ந்தால் ஈரத்தை விடும், மிஞ்சினால் உறிஞ்சிக்கொள்ளும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொட்டலம் ஒன்று போதும். அதன் மேல் 62, 65, 69, 72 என்று எண் போட்டிருக்கும். அது காக்கும் ஈரப்பதச் சதவீதம்தான் அந்த எண். பலர் 69 வாங்குவார்கள். நம் ஊர் வெக்கைக்கு என் தேர்வு 65. சூட்டோடு ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் ஏறிய சுருட்டு இழுக்கவும் வராது, அடிக்கடி அணைந்தும் போகும். பொட்டலம் கல் போல விறைத்துவிட்டால் மாற்றுங்கள். ஈரப் பஞ்சு, ஆப்பிள் துண்டு போன்ற யோசனைகளைக் கேட்காதீர்கள். அவை ஈரத்தை விடத்தான் செய்யும், திரும்ப எடுக்காது. பூஞ்சணத்துக்கு நேர் வழி அதுதான்.

டப்பாவுக்குள் ஈரப்பதம் அளக்கும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று போடுங்கள். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். உப்பு கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும். அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு மூடி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். சரியான மீட்டர் 75 காட்டும். 71 காட்டினால் உங்கள் மீட்டர் 4 குறைத்துச் சொல்கிறது. இனி அந்த 4ஐக் கூட்டிப் படியுங்கள்.

ஈரப்பதத்தைவிட எனக்குப் பெரிய கவலை வண்டு. மஞ்சளையும் மல்லியையும் மிளகாய் வற்றலையும் துளைக்கும் அதே சின்னப் பழுப்பு வண்டுதான் புகையிலையையும் தின்கிறது. அதன் முட்டை இலைக்குள்ளேயே வந்திருக்கலாம். சூடு 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிந்து, ஊசி குத்திய மாதிரி ஓட்டை போட்டு, பெட்டி முழுக்கப் பரவிவிடும். சென்னையில் வருஷத்தின் பெரும்பகுதி அந்தச் சூடுதானே? ஆகவே ஃப்ரிட்ஜ் விஷயத்தில் என் பதில் இது: நிரந்தரமாக வைக்க வேண்டாம், காய்ந்துபோகும், வாடையும் ஏறும். ஆனால் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஃப்ரீசரில் வைத்தே ஆக வேண்டும். பெட்டியை இரண்டு ஜிப் பைகளில் அடுத்தடுத்துப் போட்டு, காற்றை வெளியேற்றி, 3 நாள் ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு ஒரு நாள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். அதன் பிறகு வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திறந்தால் இலை மேல் தண்ணீர் கோத்து, மேல் இலை பிரிந்துவிடும்.

டப்பாவைப் பரணில் வைக்காதீர்கள். மொட்டை மாடிச் சூடு நேரே அங்கேதான் இறங்கும். வெயில் விழும் மேற்குச் சுவரும் ஆகாது. பீரோவின் கீழ்த்தட்டு நல்லது. குழந்தைகள் உள்ள வீடானால் பூட்டி வையுங்கள். ஒரு சுருட்டில் இருக்கும் நிகோடினே சிறு குழந்தைக்கு விஷம். மாதம் ஒன்று பிடித்தாலும் வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் உங்களுக்கும் உண்டு. நன்றாகப் பாதுகாப்பதால் அது குறையாது.

வெடித்த இரண்டையும் தூக்கிப்போட வேண்டாம். காய்ந்த சுருட்டுக்குச் சட்டென்று ஈரம் கொடுத்தால் உள் இலை ஊதி, வெடிப்பு இன்னும் நீளும். முதலில் 62 பொட்டலத்தோடு தனி டப்பாவில் சில வாரங்கள், அதன் பிறகு 65க்கு மாற்றுங்கள். விரலால் மெல்ல அழுத்தும்போது சரசரவென்ற ஓசை இல்லாமல், அமுங்கித் திரும்ப எழும்பினால் தயார். வெடிப்பு வாயில் வைக்கும் முனைக்கு அருகில் இல்லையென்றால் பிடிக்கலாம். முனை வரை போயிருந்தால் காற்று உள்ளே கசியும், இழுவை கிடைக்காது. அதை மட்டும் கழித்துவிடுங்கள்.